வண்டிக்கு இழுத்த கரண்ட்

வேனின் பக்கவாட்டுத் தகட்டில் எலக்ட்ரீஷியன் வட்டமாக ஓட்டை போட்டுக்கொண்டிருந்தபோது, நான் மகனைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு எதிரே இருந்த டீக்கடை நிழலில் நின்றேன். இரும்புத் தூள் பறந்து அவன் மூச்சில் போய்விடுமோ என்று பயம். பட்டறை சாலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. "ரோட்டைத் தாண்டி வந்துருமாக்கும்" என்று என் கணவர் சிரித்தார். வராது என்று எனக்கும் தெரியும். தெரிந்தும் அங்கேயே நின்றேன்.

அவனுக்கு அப்போது நான்கு வயது. எட்டாம் மாதத்திலிருந்தே வீசிங். தூசி, புகை, பூனை முடி, பஞ்சுத் தலையணை, எது பட்டாலும் விலா எலும்புக்குக் கீழே குழி விழ இழுக்கத் தொடங்குவான். கையால் அழுத்தும் பம்பும் கொடுத்திருந்தார்கள். ஆனால் இழுப்பு வந்த நேரத்தில் அவன் அதற்கு முகம் கொடுக்க மாட்டான். நெபுலைசருக்குத்தான் இழுப்பு கேட்கும். மருந்தை ஆவியாக்கி முகமூடி வழியாக உள்ளே அனுப்பும் அந்த மிஷினுக்குக் கரண்ட் வேண்டும். கரண்ட் இருக்கிற வீட்டில் தூசியும் பஞ்சுத் தலையணையும் இருக்கும். அதனால் இரண்டு வருடமாக நாங்கள் எந்த வீட்டிலும் ஒரு இரவு தங்கியதில்லை. கல்யாணமோ காதுகுத்தோ, சாப்பிட்டுக் கைகழுவிய ஈரம் காய்வதற்குள் அல்லிநகரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் பஸ் ஏறிவிடுவோம். அதற்கு எனக்குக் கிடைத்த பெயர்களை நான் எண்ணி வைத்துக்கொள்ளவில்லை.

பழைய பள்ளிக்கூட வேன் ஒன்றை என் கணவர் வாங்கியது வேறு ஆசையில். பின் இருக்கைகளைக் கழற்றிப் பலகைக் கட்டில் போட்டு, மேகமலைப் பக்கம் போய் வண்டியிலேயே தங்க வேண்டும் என்று செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து வளர்த்த ஆசை. வெளியிலிருந்து வண்டிக்குக் கரண்ட் இழுக்கலாம் என்று அவர் காட்டியபோது, அவரைவிட வேகமாகச் சரி என்றது நான்தான். எங்கே நிறுத்தினாலும் எங்கள் தூசியில்லாத அறை, எங்கள் நெபுலைசர். வண்டியில் கிளம்ப ஒரு காரணமும் சீக்கிரமே வந்தது. மயிலாடும்பாறையில் இருக்கும் என் நாத்தனாரின் மகள் பெரியவளானாள். தாய்மாமன் என் கணவர்.

எலக்ட்ரீஷியன் ஆம்புலன்ஸ் வண்டிகளுக்கு வயரிங் செய்கிறவர். "ஆம்புலன்ஸுல இருக்கிற அதே செட்டப்புதான் சார். ஷெட்டுல நிக்கும்போது வெளிய இருந்து லைன் குடுத்து வச்சிருப்பாக" என்றார். ஓட்டையில் மூடி போட்ட நீலச் சாக்கெட் உட்கார்ந்தது. அதற்கு நீளமான தடித்த ஒயர். உள்ளே, கரண்ட் கசிந்தால் தானே விழுந்து லைனை நிறுத்தும் ஒரு ட்ரிப்பர், ஒரு சுவிட்ச், இரண்டு பிளக் பாயிண்ட். வண்டியின் பாடிக்கும் எர்த் கம்பி கொடுத்திருந்தார். ட்ரிப்பரில் இருந்த சின்னப் பொத்தானை அழுத்தச் சொன்னார். டக்கென்று கரண்ட் நின்றது.

"இது இருக்கிற வரைக்கும் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதும்மா. எங்கயாவது விழுந்துச்சுன்னா அங்கன லைன்ல குத்தம்னு அர்த்தம்."

நான் அந்தப் பொத்தானை மறுபடி அழுத்தினேன். மறுபடியும். அவர் என் கணவரைப் பார்த்தார். "பிசிக்ஸ் டீச்சர்" என்றார் இவர், மன்னிப்புக் கேட்பது போல.

உண்மைதான். பி.எஸ்ஸி. இயற்பியல், பி.எட்., ஒரு தனியார் பள்ளியில் இரண்டு வருடம். அதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு.

நாத்தனாரை நான் மதினி என்றுதான் அழைப்பேன். அவர்களுக்கு இலவம்பஞ்சுதான் பிழைப்பு. பங்குனியில் காய் இறக்கிக் களத்தில் குவித்து உடைக்கும்போது, அந்த வீட்டில் எதைத் தொட்டாலும் பஞ்சு ஒட்டும். சாம்பாரில் மிதக்கும், புருவத்தில் நிற்கும். பெண் உட்கார்ந்த முதல் நாள் மாமன் போய் அவள் தனியாக இருக்கப் பச்சை ஓலையில் குச்சு கட்ட வேண்டும். இவர் காலையில் போய்க் கட்டிவிட்டு மாலையே திரும்பிவிட்டார். மதினி போனில் என்னிடம் கேட்டார்: "ஏத்தா, குச்சக் கட்டிட்டு சாயங்காலமே ஓடிப்போற மாமன நீ எங்கயாவது பாத்துருக்கியா? சடங்குக்கு மொத நாளே வந்து தங்கணும். பிள்ளைக்கு மூச்சு, மூச்சுன்னு சொன்னா, என் பிள்ளைக்கு மட்டும் மாமன் இல்லாமப் போகணுமா?"

அதில் தப்பு எதுவும் இல்லை. நாங்கள் வேனில் போனோம்.

நாங்கள் போய்ச் சேர்ந்தது மதியம் மூன்று மணிக்கு. மதினியின் கணவர் களத்திலிருந்து தலையெல்லாம் வெள்ளையாக வந்தார். "வாங்க மாப்ள! வீட்டையே தூக்கிட்டு வந்துட்டீக. எங்க வீட்டுச் செவுரு எதுவும் கடிச்சிருமா?" என்றார். சமையலுக்கு வந்திருந்த பெண்கள் வேனுக்குள் தலையை நீட்டிப் பார்த்தார்கள். "மெத்தை, ஃபேனு, டப்பா டப்பாவா மருந்து. டீச்சரு ஆஸ்பத்திரியவே கொண்டாந்துட்டாக" என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த மாதிரி நேரங்களில் சிரித்துவிடுவது எனக்குப் பழகியிருந்தது.

பஞ்சு எட்டாத தூரத்தில், தோப்பின் ஓரம் வண்டியை நிறுத்தினோம். பக்கத்தில் மோட்டார் ரூமும் தண்ணீர்த் தொட்டியும். குச்சையும் அந்தப் பக்கமேதான் கட்டியிருந்தார்கள், களம் முழுக்கக் காய் குவிந்து கிடந்ததால். எங்கள் மருமகள் குச்சு வாசலில் உட்கார்ந்து கையாட்டினாள். மடியில் ஒரு முழ நீளத்துக்கு இரும்புக் கம்பி. குளிக்கப் போனாலும் வந்தாலும் அதைக் கையில் வைத்திருக்க வேண்டும், காத்து கருப்பு அண்டாது. பதின்மூன்று வயதுப் பெண் அதை வைத்து மண்ணில் கோழிப்படம் வரைந்துகொண்டிருந்தாள். என் மகன் ஓடிப்போய் அவள் பக்கத்தில் நின்றான். "அங்கன போகாதடா, தீட்டு" என்று யாரோ கத்த, அவள் அவனைப் பார்த்துக் கண்ணடித்தாள். ஒன்பது நாளாக அவளிடம் பேச ஆளில்லை.

ஐந்து மணிக்கு அவனுக்கு இழுப்பு தொடங்கியது. தோப்பென்றாலும் காற்றில் பஞ்சு வரத்தான் செய்தது. வீட்டுக்குள் தூக்கிப்போக முடியாது, எங்கும் பஞ்சு. வீட்டிலிருந்து லைன் எடுக்க ஒயர் நீளம் பத்தவில்லை. மோட்டார் ரூமில் ஒரு பிளக் பாயிண்ட் இருந்தது. செருகினால் உள்ளே எதுவும் ஓடவில்லை.

மதினியின் கணவர் வந்து பார்த்தார். "அதுல நியூட்ரல் கெடையாது மாப்ள. மோட்டாருக்கு மூணு பேஸ் போதும்னு நியூட்ரல உள்ளயே இழுக்கல. இந்தா, இந்த பல்பு எப்பிடி எரியுதுங்கிறீக? ஒரு முனை பேஸு, மறு முனை எர்த்து. நானும் இருவது வருசமா எரிக்கிறேன். உங்க பிளக்கக் கழட்டி நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால சேத்துருங்க. முடிஞ்சுச்சு."

இந்தப் பக்கத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் இப்படித்தான் பல்பு எரிகிறது. போன கரண்ட் திரும்பி வர நியூட்ரல் என்று ஒரு கம்பி வேண்டும். அது இல்லாத இடத்தில் மண்ணையே கம்பியாக்கிக்கொள்கிறார்கள். ஒரு பல்புக்கு அது ஓடிவிடும். ஆனால் எங்கள் எர்த் கம்பி வண்டியின் பாடியோடு சேர்ந்தது. அதன் வழியாகக் கரண்டைத் திருப்பி அனுப்பினால், மண்ணில் இறங்க முடியாமல் தேங்குகிற மின்சாரம் எல்லாம் வண்டியின் தகட்டில் நிற்கும். இதை நான் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படம் போட்டு விளக்கியிருக்கிறேன்.

என் கணவர் பிளக்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "நீ சொல்லு. செய்யலாமா?"

மோட்டார் ரூம் இருட்டாக இருந்தது. நான் ஒரு கையில் செல்போன் வெளிச்சத்தைப் பிடித்திருந்தேன். மறு கையில் மகன், என் தோளில் வாயை வைத்து இழுத்துக்கொண்டிருந்தான். ட்ரிப்பர் இருக்கிறதே என்று நினைத்தேன். தப்பு என்றால் அது விழும். விழுந்தால் எடுத்துவிடலாம். இன்னொன்றும் நினைத்தேன், அதையும் மறைக்கக் கூடாது. இந்த வீட்டில் இன்னொரு முறை பயப்படுகிறவளாக நிற்க எனக்குத் தெம்பில்லை.

"செய்ங்க" என்றேன்.

ட்ரிப்பர் விழவில்லை. நெபுலைசர் ஓடியது. ஆனால் அதன் சத்தம் தொய்ந்திருந்தது, ஆவியும் மெலிசு. மதினியின் கணவர் ஒரு குடம் தண்ணீரை எர்த் கம்பி புதைத்திருந்த குழியில் ஊற்றினார். சத்தம் உடனே எழுந்தது. "பாத்தீகளா? அதுக்குத் தாகம்" என்றார். பத்து நிமிடத்தில் மகனின் இழுப்பு தணிந்தது. அவருக்கு நான் கை கூப்பினேன்.

மருந்து முடியும் நேரத்தில், ஒரு காலை வண்டிப் படியிலும் ஒரு காலைத் தரையிலும் வைத்துத் தண்ணீர் பாட்டிலை எடுக்க இறங்கினேன். கதவைப் பிடித்த கையில் சுள்ளென்றது. செருப்புப் போட்டிருந்தேன், மெலிதாகத்தான் இருந்தது. கணவரிடம் சொன்னேன். "ரெக்சின் சீட்டுல உரசி இறங்குனா அப்படித்தான் இருக்கும். ட்ரிப்பர் விழலையே" என்றார். மிஷினை நிறுத்திவிட்டு மறுபடி தொட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. மிஷின் ஓடும்போது தொட்டுப் பார்த்திருக்க வேண்டும். அதைச் செய்யாமல், எனக்கு எப்போதும் இப்படித்தான் தோன்றும் என்று என்னையே அடக்கிக்கொண்டேன். ட்ரிப்பரால் இதைப் பார்க்க முடியாது. போகும் கம்பியும் வரும் கம்பியும் சமமாக இருக்கிறதா என்றுதான் அது பார்க்கும். நாங்கள் வெளியே பிளக்கிலேயே, அதற்குத் தெரியாத இடத்தில் முடிச்சைப் போட்டிருந்தோம். இதை யோசிக்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தை நான் எடுத்துக்கொள்ளவில்லை.

இரவில் அவன் நன்றாகத் தூங்கினான். விடிந்து ஆறு மணி இருக்கும், மறுபடி இழுத்தது. மிஷினைப் போட்டேன். சத்தம் நேற்றைவிடத் தொய்ந்து கிடந்தது. எர்த் குழி காய்ந்திருக்கும், யாரையாவது தண்ணீர் ஊற்றச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். கணவர் சீர்த்தட்டு அடுக்க வீட்டுக்குப் போயிருந்தார். தொட்டியில் தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தமும் மதினியின் குரலும் கேட்டன. சடங்குக்கு முன்னால் மருமகளுக்குக் குளிப்பாட்டு.

"இரும்பக் கீழ விட்றாதடி. துண்ட எடுத்துட்டு வாரேன், அங்கனயே நில்லு."

அவள் நிற்கவில்லை. மிஷின் சத்தம் கேட்டு எங்கள் பக்கம் வந்தாள். ஜன்னலில் அவள் முகம் தெரிந்தது, மஞ்சள் தண்ணீர் சொட்டச் சொட்ட. என் மகன் முகமூடிக்குள்ளிருந்து கையாட்டினான். அவனுக்கு வேடிக்கை காட்டக் கம்பியை ஓங்கி வண்டித் தகட்டில் ஒரு தட்டுத் தட்டினாள்.

டங் என்ற சத்தம் வந்தது. அதன் பிறகு வர வேண்டிய சிரிப்பு வரவில்லை.

ஜன்னலில் முகம் இல்லை. கம்பி மட்டும் தகட்டை உரசிக்கொண்டிருந்தது. நான் கதவைத் திறக்கக் கை வைத்து, எடுத்துவிட்டேன். சுவிட்ச் கட்டிலுக்குப் பின்னால், மருந்துப் பைக்கு அடியில் இருந்தது. பையை இழுத்து, சுவிட்சைத் தேடி, அணைத்தேன். அணைத்துவிட்டுத்தான் இறங்கினேன். அது எத்தனை நொடி என்று இன்றுவரை எனக்குள் கணக்குச் சரியாக வரவில்லை.

அவள் ஈர மண்ணில் ஒரு பக்கமாகக் கிடந்தாள். கண் திறந்திருந்தது. கம்பி கையைவிட்டு விலகியிருந்தது. மதினி துண்டோடு ஓடி வந்து மகளைத் தூக்கியபோது அவள் பேசினாள். "ஒண்ணுமில்லம்மா. யாரோ தள்ளிவிட்ட மாதிரி இருந்துச்சு." இடது மணிக்கட்டு கோணலாக வீங்கத் தொடங்கியிருந்தது. உள்ளங்கையில் கம்பி இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு.

அவள் சொன்ன அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. சமையல் பெண்கள் கூடிவிட்டார்கள். தொட்டிப் பக்கம் தனியாக விட்டிருக்கக் கூடாது என்றார்கள். ஈரத்தோடு நின்றால் அப்படித்தான் தள்ளும் என்றார்கள். "இரும்பு கையில இருந்ததுனால பிள்ள பொழச்சா" என்று ஒருத்தி சொன்னாள். திருநீறு போடுகிறவரைக் கூட்டிவர ஆள் அனுப்பினார்கள். மதினி மகளின் உள்ளங்கையில் இருந்த கோட்டை மஞ்சள் வைத்து மூடினார்.

என் கணவரைத் தனியே இழுத்து, "கரண்டுங்க. நம்ம வண்டிதான்" என்றேன். அவர் முதலில் செய்தது, மோட்டார் ரூமுக்குப் போய்ப் பிளக்கைப் பிடுங்கியது. திரும்பி வந்து, "பிள்ள நல்லாத்தான் பேசுறா" என்றார். "கைய மட்டும் கட்டிப்போம். பத்து மணிக்குச் சீரு. சனமெல்லாம் வந்துருச்சு. இப்பப் போயி மாமன் வண்டியிலதான் ஷாக் அடிச்சுச்சுன்னு சொன்னா அக்கா நொறுங்கிப் போயிரும். முடியட்டும், நானே சொல்றேன்."

நான் தலையாட்டினேன்.

ஷாக் அடித்தவர்களை, பேசினாலும் நடந்தாலும், இதயத்தைப் பார்க்காமல் விடக் கூடாது என்று எனக்குத் தெரியும். அது எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது என்பதும் தெரியும். பயந்துவிட்டாள் என்று இருக்கிற வரைக்கும் யாரும் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மாட்டார்கள். இருந்தும் நான் மகனுக்கு இட்லி ஊட்டினேன். பட்டுச் சேலை கட்டினேன். தட்டுகளில் வெற்றிலையை வரிசையாக வைத்தேன். நான் அளவுக்கு மீறிப் பயப்படுகிறவள். எல்லோரும் சொல்வது அதுதானே. இதுவும் அப்படி ஒன்றாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே வைத்தேன். எட்டரை மணி வரைக்கும் அப்படி வேண்டிக்கொண்டிருந்தேன்.

எட்டரைக்கு அவளுக்குப் பூ வைக்க என்னை அழைத்தார்கள். கையில் துணிக்கட்டோடு மனையில் உட்கார்ந்திருந்தாள். நான் குனிந்தபோது மெதுவாகச் சொன்னாள்: "அத்தை, நெஞ்சு என்னமோ விட்டு விட்டு அடிக்கிது. அம்மாட்டச் சொன்னா வையும்."

பூவைக் கீழே வைத்தேன். "மதினி, இவள இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "அவள யாரும் தள்ளல. எங்க வண்டியில கரண்ட் நின்னுச்சு. பிளக்குல ஒயரச் சேத்தோம்ல, அதனால. நான்தான் செய்யச் சொன்னேன்."

மேளக்காரர்கூட நிறுத்திவிட்டார். மதினியின் கணவர், "எர்த்துல வர்ற கரண்டு எப்பிடிம்மா அடிக்கும்? நான் இருவது வருசமா..." என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்துப் பாதியில் விட்டுவிட்டார்.

மதினி கத்தவில்லை. "அதான் நீ கீழ இறங்கலையா?" என்றார். "என் பிள்ள மண்ணுல கெடக்கா, நான் துண்டோட ஓடியாரேன், நீ உள்ள குனிஞ்சு எதையோ தேடிக்கிட்டிருந்த. பிள்ளைக்கு மருந்து எடுக்குறன்னு நெனச்சேன்."

"சுவிட்ச அணைச்சேன் மதினி."

"அப்ப ஒனக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு."

மதினி மகளைக் கைத்தாங்கலாக எழுப்பினார். சடங்குச் சேலையோடு மகளை எங்கள் வேனில்தான் ஏற்றினார். வேறு வண்டி தயாராக இல்லை. பலகைக் கட்டிலில் அவளைப் படுக்க வைத்துத் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். கண்டமனூர் தாண்டி, ஆண்டிபட்டி ரோட்டைப் பிடித்து, ஆஸ்பத்திரி வரைக்கும் ஒரு கையால் அவள் நெஞ்சைத் தொட்டுக்கொண்டே வந்தார். மதினியின் கணவர் மகளின் காலடியில், என் மகன் முன் சீட்டில் என் மடியில். வண்டி ஓட்டிய தன் தம்பியை மதினி ஒரு முறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவசரப் பிரிவில் மார்பில் ஒயர்கள் ஒட்டினார்கள். இளவயது டாக்டர் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "ஷாக் அடிச்சது எப்ப?"

"ஆறு, ஆறே கால்" என்றேன்.

"இப்ப ஒன்பதே முக்கால். இவ்வளவு நேரம் ஏன் கொண்டு வரல?"

"பயந்துட்டான்னு நெனச்சோம் சார். கரண்டுன்னு எங்களுக்கு எப்பிடித் தெரியும்" என்றார் மதினியின் கணவர்.

"ஒருத்தருக்குமா தெரியல?"

அந்த இடத்தில் சும்மா இருந்திருக்கலாம். டாக்டர் பதிலை எதிர்பார்க்கவில்லை, அடுத்த காகிதத்துக்குப் போய்விட்டார். "எனக்குத் தெரியும் சார்" என்றேன். "விழுந்தப்பவே தெரியும். சொல்லல." அவர் என்னை ஏறிட்டுப் பார்த்து, ஏதோ எழுதினார்.

இதயத் துடிப்பு அவ்வப்போது தப்புகிறது, தானாகச் சரியாகிவிடும்போலத்தான் தெரிகிறது, ஆனால் நாளை வரைக்கும் இங்கேயே வைத்துப் பார்க்க வேண்டும் என்றார். மணிக்கட்டில் எலும்பு முறிவு. அது சரியாகிவிடும் என்றார். மருமகளுக்கு மட்டும் சந்தோஷம், மனையில் உட்கார வேண்டாமே என்று. அதை என்னிடம்தான் மெதுவாகச் சொன்னாள்.

வார்டின் பினாயில் வாடையில் என் மகனுக்கு இழுக்கத் தொடங்கியது. நர்ஸ் எதுவும் கேட்காமல் அவனைத் தூக்கி, மருமகளுக்குப் பக்கத்துக் கட்டிலில் உட்கார வைத்து, சுவரில் இருந்த குழாயில் முகமூடியை மாட்டிவிட்டார். ஆவி வந்தது. அவன் அவளைப் பார்த்துக் கையாட்டினான். அவள் கட்டுப்போட்ட கையைக் கொஞ்சம் தூக்கினாள்.

மதினி எழுந்தார். அவன் பக்கம் வருகிறார் என்று நினைத்து நான் நகர்ந்து இடம் விட்டேன். அவர் இரண்டு கட்டில்களுக்கும் நடுவில் வந்து நின்றார். சுவரோரம் ஒதுக்கியிருந்த பச்சைத் திரையைப் பிடித்து, வளையங்கள் சத்தம் போடாதபடி மெதுவாக, கடைசி வரைக்கும் இழுத்து மூடினார்.